வேலை தேடுகிறேனா, வேடிக்கை பார்க்கிறேனா?

கேள்வி: 12 வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று 4 மாதங்களாக முயற்சி செய்கிறேன். அதற்காகத்தான் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்பு வலைத்தளத்தின் பக்கமே போனேன். இப்போது தினமும் ராத்திரி குழந்தை தூங்கியதும் ஒன்றரை மணி நேரம் அதிலேயே கிடக்கிறேன். எதைத் திறந்தாலும் யாருக்கோ புரமோஷன், யாருக்கோ விருது. மனசு கனத்துப்போய்ப் படுக்கிறேன். நேற்று என் கணவர், "நீ வேலை தேடுறியா, வேடிக்கை பார்க்கிறியா?" என்று கேட்டுவிட்டார். கோபம் வந்ததே தவிர, பதில் வரவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இதற்கு ஒதுக்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் அதை எந்தத் தொனியில் கேட்டாரோ தெரியாது, கேள்வி நல்ல கேள்விதான்.

நீங்கள் கணக்குக்காரர், அதனால் உங்கள் பாணியிலேயே பார்ப்போம். 4 மாதம், தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் செலவுப் பக்கத்தில் சுமார் 180 மணி நேரம். வரவுப் பக்கத்தில் என்ன இருக்கிறது? உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "இன்னாரிடம் பேசினேன், இப்படிச் சொன்னார்" என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு இடித்தது அந்த இடம்தான்.

சீரியல் பார்த்தால் பொழுதைப் போக்குகிறோம் என்று நமக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் மனசாட்சி உறுத்தி எழுந்துவிடுவோம். லிங்க்ட்இன் அப்படி உறுத்தாது. ஆபீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு வருகிற வேடிக்கை அது. நானும் தப்பவில்லை. ஒருமுறை, உதவி செய்த ஒருவருக்கு இரண்டு வரி நன்றி எழுதத்தான் உள்ளே போனேன். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, முகம்கூட ஞாபகமில்லாத மூன்று பேருக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தேன். நன்றி மட்டும் போகவில்லை.

இதில் உங்கள் மனக்கனத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பதிவுக்கு நாம் லைக் போடுகிறோமா என்பதை மட்டும் அந்தத் தளம் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரம் அதில் நிற்கிறோம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்வதாக அந்நிறுவனத்தின் பொறியாளர்களே 2020ல் விளக்கி எழுதினார்கள். பழைய சகாவின் புரமோஷன் படத்தை வயிற்றெரிச்சலோடு நின்று பார்த்தாலும், "இவங்களுக்கு இது பிடிச்சிருக்கு" என்று அது எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அதே மாதிரி இன்னும் நாலைக் கொண்டுவந்து கொட்டும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தைப் படம் பிடித்து எத்தனை பேர் போடுகிறார்கள், சொல்லுங்கள்?

சரி, எவ்வளவு நேரம்? வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவருக்கு, வாரத்தில் 4 நாள், தடவைக்கு 20 நிமிஷம் போதும் என்பது என் கணிப்பு. ராத்திரி வேண்டாம். களைத்த மூளை எழுதாது, பார்த்துக்கொண்டுதான் இருக்கும். காலையில் வேலை தொடங்கும் முன்போ மதிய இடைவேளையிலோ வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள்: இன்று யாருக்கு, என்ன. அவ்வளவுதான். சீட்டில் எதுவும் எழுதத் தோன்றவில்லையா, அன்றைக்குப் போகவே வேண்டாம். போனாலும் முகப்புப் பக்கத்தில் நிற்காமல் நேரே மெசேஜ் பகுதிக்குப் போய்விடுங்கள்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். 1973ல் வெளியான அவருடைய கட்டுரைப்படி, அடிக்கடி என்றவர்கள் 100க்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது என்றவர்கள் பாதிக்கு மேல். வருஷத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 28 பேர் அளவுக்கு இருந்தார்கள். லிங்க்ட்இன் பயனாளர்கள் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022ல் வெளியான ஆய்வும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் சாய்ந்தது: ரொம்ப நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத நடுவாந்தரப் பழக்கம்தான் வேலை மாற அதிகம் கைகொடுத்தது. யோசித்தால் புரியும். பக்கத்து மேஜைத் தோழிக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். ஐந்து வருஷம் முன்னால் வேறு இடத்துக்குப் போனவருக்குத்தான் உங்களுக்குத் தெரியாத கதவு தெரியும்.

ஆகவே உங்கள் 20 நிமிஷம் அந்த மனிதர்களுக்கு. "ஹாய், நல்லா இருக்கீங்களா? ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று மட்டும் அனுப்பாதீர்கள். படித்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் மூடிவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: "சார், ஆடிட் சமயத்தில் உங்களோடு மூன்று மாதம் வேலை பார்த்தேன். ஸ்டாக் கணக்கு இடித்து ராத்திரி 11 மணி வரை தேடினோமே, ஞாபகம் இருக்கும். உங்கள் நிறுவனத்தில் நிதிப் பிரிவில் ஓர் இடம் காலி என்று பார்த்தேன். அங்கே வேலை எப்படி என்று 10 நிமிஷம் போனில் கேட்கலாமா? இந்த வாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை." யார் என்று நினைவூட்டுகிறது. ஆமாம், இல்லை என்று சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்கிறது. இதை எழுத 8 நிமிஷம் ஆகும். தடவைக்கு இப்படி இரண்டு மெசேஜ் போனால் அந்த நாள் வெற்றிதான்.

மற்றதெல்லாம் ஒரே தடவை செய்து மறக்க வேண்டியவை. நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, வேலை அறிவிப்புகளை மட்டும் மின்னஞ்சலுக்கு வரவையுங்கள். மனசைக் கனக்கவைக்கிறவர்களை 'அன்ஃபாலோ' செய்துவிடலாம், தொடர்பு அறுந்துபோகாது, அவர்களுக்குத் தகவலும் போகாது. புரொஃபைலை ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒழுங்காக எழுதிவிட்டு மூன்று மாதம் தொடாதீர்கள். 'வேலை தேடுகிறேன்' என்ற குறியை மட்டும் யோசித்துப் போடுங்கள். எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிடும், உங்கள் மேலதிகாரியும் பார்ப்பார். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும் வசதி உண்டு. ஆனால் அதுவும் முழு ரகசியம் என்று அந்நிறுவனமே உத்தரவாதம் தருவதில்லை.

தினமும் பதிவு போட்டால்தான் நம்மை நாலு பேருக்குத் தெரியும் என்று அங்கே நிறையப் பேர் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பலருக்குப் பதிவு போடுவதே தொழில். உங்களுக்கு அது தொழில் இல்லை.

கணவர் மறுபடி கேட்டால் துண்டுச் சீட்டுகளை எடுத்துக் காட்டுங்கள். ஆறு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மெசேஜ் போனது, எத்தனை பேர் பதில் போட்டார்கள். பதில் போடாதவர்களையும் சேர்த்தே எழுதுங்கள்.