கரன்ட் மல்டிகுக்கர் வாங்கினால் கேஸ் அடுப்பே வேண்டாமா?

கரன்ட்டில் ஓடும் பிரஷர் குக்கர்தான் இது. சாதம், சாம்பார், இட்லி எல்லாமே இதில் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் விசில் எண்ணிச் சமைத்துப் பழகியவர்களுக்கு முதல் மாதம் கை ஓடாது.

பெங்களூருவில் மூன்று வருடமாக ஆறு லிட்டர் குக்கர் ஒன்று வைத்திருக்கிறேன். திருச்சியிலிருந்து வந்த அம்மா அதன் முன்னால் கரண்டியோடு கால் மணி நேரம் நின்று, "இது எப்பத்தான்டி கத்தும்?" என்றாள். கத்தவே கத்தாது. நாம் வைக்கும் நிமிடக்கணக்கு உள்ளே பிரஷர் ஏறிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். துவரம்பருப்புக்கு 12 நிமிடம் வைத்தால், ஏற ஒரு பத்து, தானாக அடங்க ஒரு பத்து என்று அரை மணி ஆகிவிடும். அவசரப்பட்டு வால்வைத் திறந்தால் பருப்புத் தண்ணீர் சுவர் வரை பீச்சியடிக்கும். அடுப்பில் வைக்கும் குக்கரில் 15 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் ஏறும். கரன்ட் குக்கர் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டோடு நின்றுவிடும். அதனால் வேக நேரம் கொஞ்சம் கூடத்தான் வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று இதை வாங்காதீர்கள். வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம், அதுதான் லாபம்.

தண்ணீர் அளவும் மாறும். விசில் வழியாக ஆவி போகாததால், புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு மூன்று வைத்த நான் இப்போது இரண்டரைதான் வைக்கிறேன். சாம்பாருக்குப் புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொள்ளும், பருப்பு வெந்த பிறகுதான் புளி. வதக்கிய வெங்காயம் அடியில் ஒட்டியிருந்தால் "பர்ன்" என்று காட்டிவிட்டு நின்றுவிடும். வதக்கியதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிவிடுங்கள்.

இட்லிக்கு வால்வைத் திறந்தே வைக்க வேண்டும். அப்படி வைத்தால் எங்கள் குக்கரில் நேரம் ஓடாது, போனில் 12 நிமிடம் அலாரம் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, தயிர் உறைய இளஞ்சூடாகவே வைத்திருக்கும் தயிர் மோடு. டிசம்பர் குளிரில் இங்கே ராத்திரி இட்லி மாவு புளிக்காமல் அசையவே அசையாது. பாத்திரத்தில் பாதி அளவு மாவை ஊற்றி அந்த மோடில் எட்டு மணி நேரம் விட்டால் காலையில் பொங்கி நிற்கிறது. பூட்டும் மூடி மட்டும் போடாதீர்கள், மாவு வால்வுக்குள் ஏறிவிடும். தட்டு போட்டு மூடினால் போதும்.

ஒரு எச்சரிக்கை: குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக் மோடில் வேகாத ராஜ்மாவைப் போட்டு வேகவைக்காதீர்கள். அந்தச் சூட்டில் அதிலுள்ள நச்சு அழியாது, வயிற்றைப் புரட்டிவிடும். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷரில்தான் வைக்க வேண்டும்.

கேஸ் அடுப்பை மூட்டை கட்டிவிடாதீர்கள். தோசை, அப்பளம், தாளிப்பு எல்லாம் அங்கேதான். இதன் சூட்டில் கடுகு வெடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

அப்புறம், வாங்கும்போதே கூடுதலாக ஒரு கேஸ்கெட் வாங்கி வையுங்கள். அது சிலிகோன் என்பதால் சமைத்ததன் வாசனையை அப்படியே பிடித்துக்கொள்ளும். போன தீபாவளிக்கு இதில் பால் பாயசம் வைத்தேன். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "பெருங்காயம் போட்டியாம்மா?" என்றார்.