கையெழுத்து வாங்கியிருக்கிறேன், அது போதாதா?

கேள்வி: கோவையில் மூன்று வருடமாகச் சின்னதாக ஒரு டாட்டூ ஸ்டுடியோ நடத்துகிறேன். மாநகராட்சியில் 'அழகு நிலையம்' என்று தொழில் உரிமம் எடுத்திருக்கிறேன். போன மாதம் கல்லூரி முதலாண்டு மாணவன் ஒருவன் முன்கையில் டாட்டூ போட்டுக்கொண்டான். வயது 18 என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டான். இப்போது அந்த இடம் சீழ் பிடித்திருக்கிறது. அவனுக்கு 17தான் ஆகிறதாம். 2 லட்சம் கொடு, இல்லாவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்கிறார் அவன் அப்பா. 'எந்தப் பாதிப்புக்கும் கடை பொறுப்பல்ல' என்று படிவத்தில் அச்சடித்திருக்கிறேன். அது என்னைக் காப்பாற்றாதா?

பதில்: முதலில் பையனுடைய கையைப் பாருங்கள். தோல் மருத்துவரிடம் காட்டினார்களா என்று இன்றே கேளுங்கள். காட்டவில்லை என்றால் அழைத்துப் போகச் சொல்லிச் செலவை நீங்கள் கொடுங்கள். கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். உதவியாகத்தான் கொடுக்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புண் முற்றினால் அவனுக்கும் கஷ்டம், உங்கள் வழக்கும் கனமாகும்.

அப்புறம் படிவம். அது உங்களைக் காப்பாற்றாது. 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது; வயதைப் பொய்யாகச் சொல்லியிருந்தாலும் அதே கதைதான். குற்றவியல் பக்கம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆவது பிரிவு, சம்மதித்தவருக்கு ஏற்பட்ட காயத்துக்காகத் தண்டனை இல்லை என்கிறது. ஆனால் சம்மதித்தவர் 18 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். 'அவன் சொன்னதை நம்பினேன்' என்று வாதாடலாம்தான். ஆனால் உரிய கவனம் எடுக்காமல் நம்பியதைச் சட்டம் நன்னம்பிக்கை என்று ஏற்பதில்லை. ஆதாரை எடுத்துக் காட்டு என்று கேட்டீர்களா? கேட்டதாக நீங்கள் எழுதவில்லை.

அவனுக்கு 20 வயதே ஆகியிருந்தாலும், அவன் சம்மதித்தது ஊசி குத்துவதற்குத்தான், கிருமிக்கு அல்ல. கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் உண்டாக்கினால் அதே சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, கொடுங்காயம் என்றால் 3 வருடம் வரை. உயிருக்கு ஆபத்தான தொற்று பரவும்படி அலட்சியமாக நடந்தால் 271-ஆவது பிரிவும் சேரும்.

ஆகவே உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அன்று மேசையில் என்ன நடந்தது என்பதில்தான். கார்ட்ரிட்ஜ் ஊசியை (ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் டாட்டூ ஊசி) உறையிலிருந்து அவன் கண் முன்னால் பிரித்தீர்களா? அந்த உறையில் காலாவதித் தேதியும் லாட் எண்ணும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) அச்சாகியிருக்கும். அதைக் கிழித்துப் படிவத்தில் ஒட்டி வைத்திருந்தால் இன்று உங்கள் கையில் ஒரு சாட்சி இருந்திருக்கும். கறுப்பு மையைச் சாம்பல் நிறமாக்க அதில் கேன் தண்ணீரை ஊற்றினீர்களா? ஸ்டெரைல் தண்ணீர், அதாவது கிருமி நீக்கிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சாதாரணத் தண்ணீரில் நீர்த்த மையால் தொற்று வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பல கடைகளில் நீல வெளிச்சம் அடிக்கும் யூவி பெட்டியில் கருவிகளை வைத்துவிட்டுச் சுத்தம் என்கிறார்கள். அழுத்தமான நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவ் கருவிக்கு அது ஈடாகாது. வாங்கிய மை, ஊசிக்கான பில்களைத் தேடி எடுங்கள். ஆனால் ஒன்று, இல்லாத பதிவேட்டை இப்போது உட்கார்ந்து எழுதாதீர்கள். பொய்ச் சாட்சியம் உருவாக்கிய குற்றம் தனியாக வந்து சேரும்.

உரிமம் பற்றி. டாட்டூ கடைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஊசியும் ரத்தமும் புழங்கும் ஒரு தொழிலை இப்படி விட்டிருப்பது பெரிய தவறு என்பதே என் கருத்து. நேர்மையாகத் தொழில் செய்யும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இதனால் முதல் நஷ்டம். ஆனாலும் தொழில் உரிமம் செய்யும் தொழிலைச் சொல்ல வேண்டும். புருவம் திருத்தும் இடம் என்று எழுதி வாங்கியதை வைத்து ஊசி குத்தினால் அதிகாரி கேள்வி கேட்பார். 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது நினைவிருக்கும். உங்கள் வேலை அதைப் போன்றதல்ல, ஆனால் அதற்குப் பிறகு எல்லாக் கடையையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். டாட்டூ என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு உரிமத்தைத் திருத்த விண்ணப்பியுங்கள்.

ரத்தம் பட்ட ஊசி குப்பை வண்டிக்குப் போகக் கூடாது. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் டாட்டூ கடையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இருந்தாலும் அவற்றையே பின்பற்றுங்கள். ஊசிகளைத் துளைபடாத வெள்ளை டப்பாவில் போட்டு, மருத்துவக் கழிவு எடுக்கும் நிறுவனத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஊசியைக் கையால் எடுத்துப் போடும் துப்புரவுப் பணியாளரையும் நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, அந்த 2 லட்சம். மிரட்டலுக்குப் பயந்து ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கோபத்தில் 'போய்ப் பார்த்துக்கொள்' என்றும் சொல்லாதீர்கள். அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் இருக்கிறது; டாட்டூவுக்கு நீங்கள் வாங்கிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் புகாருக்கு அவர் கட்டணம்கூடக் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் பில் கொடுக்கவில்லை என்றால் அதுவே முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்து, அப்பாவையும் வரவழைத்துச் சமரசம் பேசுங்கள். மருத்துவச் செலவு, மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கு ஒரு தொகை என்று கணக்குப் போட்டு, அங்கேயே எழுத்தில் முடியுங்கள். போவதற்கு முன் படிவம், அன்றைய முன்பதிவு வாட்ஸ்அப் செய்திகள், பணம் வந்த ரசீது, கடை கேமரா பதிவு இருந்தால் அது, எல்லாவற்றையும் நகலெடுத்து உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். கேமரா பதிவு தானாக அழியுமுன் இன்றிரவே எடுத்து வையுங்கள்.