புறம்போக்கு யாருடைய நிலம்? பொதுநலன் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்துகிறவன் நான். குடியரசுச் சிந்தனையில் ‘பொதுநலன்’ என்றால் என்ன என்று சென்னை நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

பெரம்பூரிலிருந்து: சார், குடியரசு என்றால் ராஜா இல்லாத ஆட்சி, அவ்வளவுதானே? பொதுநலன் எங்கே வந்தது?

பெயரிலேயே இருக்கிறது. ரெஸ் பப்ளிகா என்ற லத்தீன் சொல்லுக்குப் பொதுக் காரியம், பொது உடைமை என்று பொருள். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோம அரசியல்வாதியும் சிந்தனையாளருமான சிசரோ அதை மக்களின் உடைமை என்றார். மக்கள் என்றால் எப்படியோ கூடிய கும்பல் அல்ல. சட்டத்தை ஒப்புக்கொண்டு, பொதுப் பயனுக்காகச் சேர்ந்தவர்கள். சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரத்தை அவர் உதாரணம் காட்டுவார். துறைமுகம், அகலமான தெருக்கள், கோயில்கள், மதில் எல்லாம் உண்டு. ஆனாலும் டயோனீசியஸ் என்ற ஒருவன் கைப்பிடியில் இருந்தவரை அது குடியரசே இல்லை, மக்களுக்கென்று அங்கே எதுவும் சொந்தமில்லை என்கிறார். பாலம் எத்தனை, பூங்கா எத்தனை என்று எண்ணிப் பொதுநலனை அளக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

வேளச்சேரியிலிருந்து: அப்போ பெரும்பான்மை கேட்பதுதான் பொதுநலனா?

இல்லை. எல்லோருடைய விருப்பங்களின் கூட்டுத்தொகை வேறு, பொது விருப்பம் வேறு என்று 1762-ல் தத்துவவாதி ரூசோ எழுதினார். படிக்கக் குழப்பமாக இருக்கும், தெருவில் பார்த்தால் புரியும். ஆளுக்கொரு போர் போட்டுத் தண்ணீர் இறைப்பது எல்லோருக்கும் விருப்பம்தான். கூட்டிப் பார்த்தால் தெருவே வறண்டுவிடும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, எங்கள் மொட்டை மாடிக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பிவிட்ட கொத்தனார், “இந்தத் தண்ணி உங்க கிணத்துல மட்டும் நிக்காது சார், பக்கத்து வீட்டுக்கும் போகும்” என்றார். ரூசோ நடத்தும்போதெல்லாம் வகுப்பில் அவரைத்தான் சொல்கிறேன்.

எண்ணூரிலிருந்து: ஐயா, நிலத்தை எடுக்கும்போதெல்லாம் ‘பொது நோக்கம்’ என்கிறார்கள். அதை யார் முடிவு செய்வது?

கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். நல்லது செய்கிற எஜமான் கிடைத்தாலும் அடிமை அடிமைதான் என்பது குடியரசுவாதிகளின் அடிப்படை. நம் காலத்துத் தத்துவவாதி பிலிப் பெட்டிட் 1997-ல் இதை விரிவாக எழுதினார்: அடுத்தவர் இஷ்டத்துக்குக் கட்டுப்படாமல் இருப்பதே சுதந்திரம். ஆகவே ‘உங்கள் நன்மைக்குத்தான்’ என்று மேலிருந்து சொன்னால் போதாது. பாதிக்கப்படுகிறவர் எதிர்த்துக் கேட்க வழி இருக்க வேண்டும், கேட்டால் பதில் வர வேண்டும்.

1894-ஆம் வருஷ நில எடுப்புச் சட்டத்தில் பொது நோக்கம் எது என்பது பெரும்பாலும் அரசு சொல்வதாகத்தான் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2013 சட்டம் சமூகத் தாக்க ஆய்வை, அதாவது நிலத்தை எடுத்தால் அங்குள்ள மக்களுக்கு என்ன ஆகும் என்று முன்பே பார்ப்பதை, கொண்டுவந்தது. தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் சம்மதம் வேண்டும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70. அரசு தன் சொந்தத் தேவைக்கு எடுத்தால் இந்தச் சம்மதம் தேவையில்லை. எனக்கு அது பெரிய ஓட்டையாகவே படுகிறது.

அப்புறம், ‘புறம்போக்கு’ என்று திட்டுகிறோமே, அது ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், சுடுகாடு என வரிக்கணக்குக்கு வெளியே நின்ற பொது இடத்தின் பெயர். எல்லோருக்கும் சொந்தமானதன் பெயர் வசவாகிப் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

மயிலாப்பூரிலிருந்து: பொதுநல வழக்கும் இதில் சேருமா?

சேரும். நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக வேறொருவர் போகலாம் என்று 1981-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எதிர்த்துக் கேட்கும் வழிகளில் அதுவும் ஒன்று.

தாம்பரத்திலிருந்து: நம்மூரில் இந்த மரபு இல்லையா சார்?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்கள்மா. பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலம். குடவோலை முறை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது. ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்தது.

ஆனால் அது பிராமணர் சபை. நிலமும் வீடும் உள்ள ஆண்களுக்குத்தான் இடம். சிசரோவின் ரோமிலும் அடிமைகள் அந்த ‘மக்களில்’ சேர்த்தி இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் பார்த்துவிடலாம். போனால், யார் பெயர் குடத்தில் விழலாம் என்று சொல்லும் வரிகளையும் விடாமல் படியுங்கள்.