லாரிக்கு முன்னால் பதிவேடு வரும்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகன் கதிருக்கு 17 வயது. அவன் கை பட்டால் இரும்பு மெழுகாக உருகும். இப்படிப் பிறவியிலேயே சக்தி உள்ளவர்களை அரசாங்கம் லாரி லாரியாகப் பிடித்துப்போய் முகாமில் அடைக்கிறது. கதிர் தப்பித்து எதிர்த்து நிற்கிறான். படித்த நண்பர்கள், 'சண்டை பிரமாதம், ஆனால் எங்கேயோ பார்த்த இங்கிலீஷ் படம் மாதிரி இருக்கு, நம்பவே முடியல' என்கிறார்கள். எங்கே தப்பு? கதிர் கடைசியில் ஜெயித்தே ஆகவேண்டுமா?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன். கதிர் ஒரு குறையும் இல்லாமல் வந்திருக்கிறான். அரசாங்கம்தான் சரியாக வரவில்லை. ஒருநாள் ராத்திரி திடீரென்று லாரியோடும் துப்பாக்கியோடும் வந்து நிற்கிறது. எந்த வீட்டில் யாருக்குச் சக்தி இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது? ஊர் ஏன் வாய் திறக்கவில்லை? இந்த இரண்டுக்கும் கதையில் பதில் இல்லை. அதனால்தான் நம்ப முடியவில்லை.

நிஜமாகவே இப்படி ஆள் பிடித்த ஓர் அரசாங்கத்தைப் பாருங்கள். அமெரிக்கா ஜப்பானோடு போரில் இருந்த நேரம். 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். அந்த ஆணையில் 'ஜப்பானியர்' என்ற சொல்லே கிடையாது. ராணுவத் தளபதிகள் வேண்டிய இடத்தை அறிவிக்கலாம், யாரை வேண்டுமானாலும் அங்கிருந்து விலக்கலாம் என்று மட்டும் இருந்தது. எந்தப் பகுதியில் எத்தனை ஜப்பானிய வம்சாவளியினர் இருக்கிறார்கள் என்ற கணக்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை கொடுத்தது. அப்புறம் தெருக் கம்பங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். படுக்கை விரிப்பு கொண்டுவரலாம், மெத்தை கூடாது. தலைக்கொரு தட்டு, கிண்ணம், ஸ்பூன் வேண்டும். வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. குடும்பத்துக்கு ஓர் எண், அதை எழுதிய அட்டை பெட்டியிலும் சட்டையிலும் தொங்கும். இப்படிச் சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் அந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஒரு பந்தய மைதானத்தில் குதிரை லாயங்களுக்கு வெள்ளையடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள்.

மெத்தை கூடாது, தட்டு வேண்டும் என்ற அந்த அறிவிப்பு உங்கள் நாவலில் வரவேண்டும். கதிரின் அம்மா அதைப் படித்துவிட்டு எந்தத் தட்டை எடுப்பது என்று யோசிக்கிற ஒரு பக்கம் எழுதிப்பாருங்கள். உங்கள் கறுப்புக் கண்ணாடி அதிகாரிகள் பத்துப் பேர் சேர்ந்தாலும் அந்தப் பயத்தைத் தரமாட்டார்கள்.

இதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பெருங்காமநல்லூரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு சமூகத்தில் பிறந்ததையே குற்றமாக்கியது 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம். கைரேகை வைக்கவேண்டும், ராத்திரியில் சொன்ன இடத்தில் போய்ப் படுக்கவேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்கவேண்டும். பதிவு செய்ய வந்தவர்களிடம் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க முடியாது என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் அதில் ஒருவர். இவ்வளவும் பக்கத்திலேயே இருக்க, உங்கள் கதை ஏன் பெயரில்லாத ஒரு மாநகரத்தில் நடக்கிறது? கதிரை உங்கள் ஊருக்குக் கூட்டிவாருங்கள். பதிவு முகாம் அவன் படித்த பள்ளிக்கூடத்திலேயே நடக்கட்டும். மேசைக்குப் பின்னால் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் உட்கார்ந்து பெயர் எழுதட்டும். அவர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

கதிர் எதிர்ப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். இப்போது அவன் எதிர்ப்பெல்லாம் கையில் இருக்கிறது. சக்தியால் தீராத ஒரு முடிவை அவனிடம் கொடுங்கள். கோர்டன் ஹிராபயாஷி வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர், 24 வயது. ஜப்பானிய வம்சாவளியினர் ராத்திரி எட்டு மணிக்குள் வீடு திரும்பவேண்டும் என்ற உத்தரவுக்கு முதலில் அவரும் பணிந்தார். நூலகத்திலிருந்து நண்பர்கள் சாவகாசமாக வர, அவர் மட்டும் ஓடினார். ஒருநாள், நான் மட்டும் ஏன் ஓடவேண்டும் என்று தோன்ற, நின்றுவிட்டார். முகாமுக்கும் போக மறுத்து, காரணத்தை எழுதி எடுத்துக்கொண்டு தானாகவே எஃப்.பி.ஐ. அலுவலகம் போனார். தண்டனை உறுதியானபோது அரிசோனா சிறை முகாமுக்கு அவரை அனுப்ப அரசிடம் பணம் இல்லை என்றார்கள். வழியில் வந்த வண்டிகளை மறித்து ஏறி, ஆயிரம் மைலுக்கு மேல் தானே பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். அங்கே அவருடைய காகிதங்களைக் காணோம். ஒரு சினிமா பார்த்துவிட்டு சாயங்காலம் வாருங்கள், தேடி வைக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பிப் போனார், சிறைக்குள்! இப்படி ஒரு ஆளுக்கு முன்னால் இரும்பை உருக்குவது எனக்குச் சின்ன வித்தையாகத்தான் படுகிறது.

சொந்த ஜனம் கதிரைக் கொண்டாடும் என்றும் எழுதாதீர்கள். ஃபிரெட் கோரெமாட்சு 23 வயது வெல்டர். முகாமுக்குப் போகாமல் பெயரை மாற்றிக்கொண்டு, கண் அருகே சின்ன அறுவை சிகிச்சைகூடச் செய்துகொண்டு ஒளிந்திருந்தார். பிடிபட்டு வழக்குப் போட்டபோது முகாமில் இருந்த பலர் அவரை விட்டு ஒதுங்கியே இருந்தார்கள். இவனால் நமக்கும் கஷ்டம் வருமோ என்ற பயம் அது. அந்தப் பயத்தை அனுதாபத்தோடு எழுதுங்கள். சக்தியே இல்லாத ஒரு நண்பனையும் சேர்க்கலாம். ரால்ஃப் லாசோ என்ற லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாணவருக்கு ஜப்பானிய ரத்தமே இல்லை. நண்பர்கள் போகிறார்களே என்று அவரும் மன்சனார் முகாமுக்குப் போய்விட்டார்.

சரி, ஜெயித்தே ஆகவேண்டுமா? ஹிராபயாஷி 1943-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். கோரெமாட்சு 1944-இல் தோற்றார். ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் அரசின் பக்கம் நின்றார்கள். கோரெமாட்சு இதையெல்லாம் வீட்டில் பேசாமலே இருந்ததால், பள்ளியில் ஒரு தோழி வகுப்பில் பேசியபோதுதான் அவருடைய மகளுக்கே விஷயம் தெரிந்தது. 1983-இல்தான் அவர் மீதான தீர்ப்பு ரத்தானது. 1988-இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது.

அந்த 1983 தீர்ப்புக்குப் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறார். ஐக்கோ ஹெர்ஜிக்-யோஷினாகா. 17 வயதில் மன்சனார் முகாமுக்குப் போனவர். பிற்காலத்தில் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கோப்பு கோப்பாகப் படித்தார். மக்களை ஏன் வெளியேற்றினோம் என்று ராணுவம் எழுதி, பிறகு எரித்துவிட்டதாக நினைத்த ஒரு அறிக்கையின் மூலப் பிரதி அவர் கையில் கிடைத்தது. அதற்கும் நீதிமன்றத்துக்குக் காட்டிய அறிக்கைக்கும் வித்தியாசம் இருந்தது. உண்மையை அரசு மறைத்ததற்கு இப்படிச் சாட்சி கிடைத்தது.

உங்கள் கதையில் கதிருக்கு ஒரு தங்கை இருக்கிறாள். இரண்டு இடத்தில் அழுகிறாள், ஒரு இடத்தில் சாப்பாடு கொண்டுவருகிறாள், அவ்வளவுதான். கதிரின் தண்டவாளச் சண்டை அப்படியே இருக்கட்டும், அவன் தோற்கவும் செய்யட்டும். ஆனால் வாத்தியார் எழுதிய அந்தப் பதிவேடு எங்கே போனது என்று இந்தப் பெண் தேடத் தொடங்கட்டும். நாவலின் பாதியை அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த வரைவை அனுப்புங்கள், நிச்சயம் படிக்கிறேன்.