பரணில் கிடைத்த டிவி கேமைக் கையடக்கமாக மாற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 34, ஊர் சேலம். அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய டிவி கேம் கிடைத்தது. கூடவே மஞ்சள் கேசட் மூன்று, ஜாய்ஸ்டிக் ஒன்று, துப்பாக்கி ஒன்று. இதைக் கையில் பிடித்து விளையாடும்படி மாற்றி அக்கா மகனுக்குக் கொடுக்க ஆசை. காரில் ரிவர்ஸ் கேமராவுக்கு மாட்டும் 4.3 அங்குல ஸ்கிரீன் ஒன்று வாங்கினேன். 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்றிலிருந்து இரண்டுக்கும் கரண்ட் கொடுத்தேன். படம் நன்றாகவே வந்தது. ஆனால் ஐந்தாவது நிமிடம் கோடு கோடாக ஆடி அணைந்துவிட்டது. புது பேட்டரி போட்டாலும் அதே கதை. போர்டு போய்விட்டதா? எந்த பேட்டரி போடலாம்? பெட்டியை எதில் செய்வது? துப்பாக்கி வேலை செய்யுமா?

பதில்: போர்டு போகவில்லை. ஐந்து நிமிடம் படம் வந்ததே அதற்குச் சாட்சி. குற்றவாளி அந்தச் சதுர பேட்டரிதான். அதன் தகட்டைப் பிரித்தால் உள்ளே ஆறு குட்டி செல்கள் இருக்கும். புகை எச்சரிக்கைக் கருவி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் மாதிரி சொட்டுச் சொட்டாகக் கரண்ட் எடுக்கும் பொருள்களுக்காகச் செய்தது அது. கொஞ்சம் அதிகமாக இழுத்தாலே அதன் வோல்ட் சரிந்துவிடும். நீங்களோ ஒரு கேமையும் ஒரு ஸ்கிரீனையும் சேர்த்து அதன் தலையில் ஏற்றிவிட்டீர்கள்.

கேமைத் திறந்து, அடாப்டர் ஒயர் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள். மூன்று கால் உள்ள கறுப்பு உருப்படி ஒன்று, சில சமயம் ஒரு அலுமினியத் தகட்டோடு நிற்கும். மேலே 7805 என்று எழுதியிருக்கும். வருகிற 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பதுதான் அதன் வேலை. குறைக்கிறது என்றால், மீதி 4 வோல்ட்டைச் சூடாக்கி வெளியே விடுகிறது. அதாவது பேட்டரி கொடுக்கும் ஒன்பது பங்கில் நான்கு பங்கு விளையாட்டுக்கே வராது. அது மட்டுமல்ல, ஏறத்தாழ 7 வோல்ட்டாவது உள்ளே வந்தால்தான் 7805 ஒழுங்காக 5 கொடுக்கும். பேட்டரி 7-க்குக் கீழே இறங்கியதும் படம் ஆடத் தொடங்கியிருக்கும். நீங்கள் பார்த்த கோடுகள் அவைதான்.

பெட்டியைப் பற்றிய யோசனையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். எனக்கு வரும் பாதிக் கடிதங்களில் பெட்டி பளபளவென்று தயாராக இருக்கிறது, உள்ளே ஒன்றும் ஓடவில்லை. எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, ஒயர்கள் தொங்கத் தொங்க ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். அதுவரை கத்தியையோ பசையையோ தொட வேண்டாம்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்வோம். நம் ஊரில் விற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். போர்டின் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தது மாதிரி ஒரு பிசின் துளி இருந்தால், முழு கேமும் அந்த ஒரே சிப்புக்குள் அடங்கிவிட்டது என்று பொருள். கரண்ட் குறைவாகக் குடிக்கும், கையடக்கமாக்க இதைவிட வசதியானது இல்லை. பொட்டுக்குப் பதிலாக 40 கால்கள் கொண்ட இரண்டு பெரிய சிப்கள், அவற்றின் மேல் யுஏ 6527, யுஏ 6538 போன்ற எண்கள் இருந்தால் அது இன்னும் பழைய வகை. கரண்ட் அதிகம் குடிக்கும், போர்டும் பெரியது. அதையும் மாற்றலாம்தான். ஆனால் நானாக இருந்தால் அதை அப்படியே துடைத்து வைத்துவிட்டு, பொட்டு போர்டு ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடுவேன்.

சரி, பேட்டரி. லேப்டாப் பேட்டரிக்குள் வரிசையாக இருக்குமே, 18650 என்ற உருளை லித்தியம் செல், அதில் ஒன்று போதும். சராசரியாக 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. கடையில் 9900 எம்ஏஎச் (செல் எவ்வளவு கரண்ட் சேமிக்கும் என்பதன் அளவு) என்று அச்சிட்ட செல்களைக் காட்டுவார்கள். வாங்காதீர்கள். இந்த அளவு செல்லில் 3500-ஐ ஒட்டிப் போவதே பெரிய விஷயம், 9900 என்று எழுதியவன் மீதியையும் பொய்தான் சொல்வான். 2600 என்று எழுதிய நல்ல செல் கிடைத்தால் அதை எடுங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து உருவுவதானால் வோல்ட் அளந்து பார்த்து, 2.5-க்குக் கீழே போனதை விட்டுவிடுங்கள். செல்லின் முனையில் நேரடியாக சால்டர் வைக்கக் கூடாது. அந்தச் சூடு உள்ளே இறங்கினால் செல் கெடும், சில சமயம் தீயும் பிடிக்கும். சின்னப் பையன் கையில் கொடுக்கப் போகிறீர்கள், ஹோல்டர் வாங்கிப் போடுங்கள்.

சார்ஜ் ஏற்ற டிபி 4056 என்ற சின்ன போர்டு இருக்கிறது. பாதுகாப்பு சிப்போடு வருவதையே கேட்டு வாங்குங்கள். வெளியே போகும் பக்கம் நான்கு முனைகள் இருக்கும்: பேட்டரிக்கு பி பிளஸ், பி மைனஸ், கேமுக்கு அவுட் பிளஸ், அவுட் மைனஸ். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மைனஸ் எல்லாம் ஒன்றுதானே என்று கேமின் மைனஸை பி மைனஸில் வைத்துவிடுவார்கள். கேம் ஓடும், குறை எதுவும் தெரியாது. ஆனால் செல் மிகவும் காலியானால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு, இந்த இரண்டு மைனஸ்களுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டால் பாதுகாப்பு போர்டு வாங்கியும் வாங்காத கதைதான். கேமின் மைனஸ், ஸ்கிரீனின் மைனஸ் எல்லாம் அவுட் மைனஸுக்கே போகட்டும்.

ஆன், ஆஃப் ஸ்விட்சை அவுட் பிளஸ் ஒயரில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது விளையாட வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள். செல் நிரம்பியதா என்பதை, உள்ளே போகும் கரண்ட் குறைவதை வைத்துத்தான் இந்த போர்டு கண்டுபிடிக்கிறது. நடுவில் கேமும் கரண்ட் இழுத்தால் அதன் கணக்கு குழம்பிவிடும்.

3.7 வோல்ட்டை 5 ஆக உயர்த்த எம்டி 3608 என்ற போர்டு. இரண்டு வாங்குங்கள், ஒன்று கேமுக்கு, மற்றது ஸ்கிரீனுக்கு. இதில் ஒரு கண்டம் உண்டு. புதிதாக வரும்போது இதன் திருகு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, 20 வோல்ட்டுக்கு மேல்கூட வெளியே வரலாம். அப்படியே கேமில் மாட்டினால் பரணில் இருபது வருடம் தூங்கிய சிப் ஒரு நொடியில் போய்விடும். வெளியே எதையும் இணைக்காமல், மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு திருகுங்கள். பத்துப் பதினைந்து சுற்று வரை எண்ணே அசையாது, பிறகு திடீரென்று இறங்கும். போர்டு கெட்டுவிட்டதென்று நானே ஒன்றைக் குப்பையில் போட்டிருக்கிறேன், பொறுமை இல்லாததால். ஒன்றை 5 வோல்ட்டில் நிறுத்துங்கள். மற்றதை 9-இல். ஸ்கிரீன் பெட்டியில் 12 வோல்ட் என்று போட்டிருந்தாலும், 9-இல் படம் வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீணாக 12 வரை உயர்த்த வேண்டாம்.

இனி அந்த 7805-க்கு வேலையில்லை. அதைக் கழற்றிவிட்டு, எழுத்து உங்களைப் பார்க்கும்படி வைத்தால் வலது கால் இருந்த ஓட்டையில் 5 வோல்ட், நடு ஓட்டையில் மைனஸ். பக்கத்திலேயே, கரண்டைக் கொஞ்சம் தேக்கிவைக்கும் 470 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்றை, பிளஸ் மைனஸ் பார்த்து வையுங்கள். ஆன் செய்யும் நொடியில் வரும் தள்ளாட்டத்தை அது தாங்கும்.

எவ்வளவு நேரம் ஓடும்? 2600 எம்ஏஎச்சை 3.7-ஆல் பெருக்கினால் 9.6 வாட்-மணி. உயர்த்துவதில் போகும் நஷ்டம் கழித்து 8 என்று வையுங்கள். கேம், ஸ்கிரீன், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து 3 வாட்டை ஒட்டி இழுக்கும். இரண்டரை மணி நேரம் தாராளம். இதில் பெரும் பங்கைத் தின்பது கேம் அல்ல, ஸ்கிரீனுக்குப் பின்னால் எரியும் விளக்கு.

படம் எடுக்கும் இடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆன்டெனா ஒயர் மட்டும் உள்ள கேமாக இருந்தால், அந்த ஒயர் தொடங்கும் இடத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். படமும் சத்தமும் தனித்தனியாக அதற்குள் நுழையும் இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். வழியில் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் இருந்தால் அதைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். படம் கறுப்பு வெள்ளையாக மட்டும் வந்தால் கேமின் வண்ண முறையும் ஸ்கிரீனின் வண்ண முறையும் ஒத்துப்போகவில்லை, வேறு ஸ்கிரீன்தான் வழி. அதனால் ஸ்கிரீன் வாங்கும்போது கேமையும் கடைக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

சத்தத்துக்கு பிஏஎம் 8403 என்ற ஆம்ப்ளிஃபயர் போர்டும் 8 ஓம் குட்டி ஸ்பீக்கரும் போதும். அந்த ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் ஆம்ப்ளிஃபயர் போர்டுக்கு மட்டுமே போக வேண்டும். ஒன்றை மைனஸில் சேர்த்துவிட்டால் சிப் சூடாகிச் செத்துவிடும். கர்ர்ரென்று இரைச்சல் கேட்டால், ஸ்கிரீனுக்கும் கேமுக்கும் மைனஸ் ஒயர்களை ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுக்காமல், அவுட் மைனஸிலிருந்து தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஜாய்ஸ்டிக்கில்தான் கை வேலை அதிகம், எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். எட்டு பட்டன் இருந்தும் ஒயர் ஐந்துதான், கவனித்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் சிப் எட்டு பட்டனின் நிலையையும் ஒரே ஒயரில் வரிசையாக ஒவ்வொன்றாகச் சொல்லும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேலே, கீழே, இடது, வலது. மற்ற ஒயர்களில் இரண்டு கரண்டுக்கு. மீதி இரண்டில் ஒன்று "இப்போது பட்டன்களைப் பார்" என்கிறது, மற்றது "அடுத்ததைச் சொல்" என்கிறது. ஆகவே பட்டன்களைப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஜாய்ஸ்டிக் போர்டையே நடுவில் அறுத்து, இடது பாதியை ஸ்கிரீனுக்கு இடப்புறமும் வலது பாதியை வலப்புறமும் வைத்து, அறுபட்ட தடங்களை மெல்லிய ஒயரால் இணைத்துவிடலாம். சிப் இருக்கும் இடத்தில் மட்டும் ரம்பம் படக் கூடாது. அறுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனுக்குக் கீழே உள்ள கறுப்புப் பூச்சின் மேல் சால்டர் ஒட்டாது, பக்கத்துத் தடத்தில் பச்சைப் பூச்சைச் சுரண்டிச் செம்பு தெரிந்ததும் வையுங்கள். ரப்பர் குமிழ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்தப் பழைய அழுத்தம் கையில் கிடைப்பதே அவற்றால்தான். ஒன்பது முனை பிளக்கில் எந்த முனை எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யாரோ வரைந்த படத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள்.

கேசட் செருகும் இடத்தை போர்டிலிருந்து பிரித்து வேறெங்கோ வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 60 முனை, 60 ஒயர். ஒயர் நீளமானால் படம் சிதறும். இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கேசட் முதுகில் துருத்திக்கொண்டு நின்றால் நிற்கட்டும். கேசட்டின் முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். சின்ன வயதில் ஃபூ என்று ஊதி ஊதி நாம் ஏற்றிய ஈரம்தான் அங்கே பச்சையாகப் பூத்திருக்கும்.

எல்லாம் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியதும் பெட்டிக்கு வாருங்கள். முதலில் அட்டைப் பெட்டியில் ஒன்று வெட்டிப் பையன் கையில் கொடுங்கள். கட்டைவிரல் பட்டனுக்கு எட்டுகிறதா, கனம் ஒரு பக்கம் சாய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஏறத்தாழ எல்லோரும் முதல் முறை அகலமாகச் செய்துவிடுகிறோம். அப்புறம் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பிவிசி ஜங்ஷன் பாக்ஸே போதும். ஊரில் 3டி பிரிண்ட் எடுத்துக் கொடுப்பவர் இருந்தால் அதுவும் சரி. செல்லை மட்டும் பசையால் ஒட்டாதீர்கள், ஒருநாள் மாற்ற வேண்டிவரும்.

கடைசியாக, துப்பாக்கி. வேலை செய்யாது. வாத்து சுடும் ஆட்டத்தில், விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுவதும் இருண்டு, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி முனையில் இருக்கும் கண் அந்த வெள்ளையைப் பார்த்ததா இல்லையா என்பதே கணக்கு. பழைய பிக்சர் டியூப் டிவி வரி வரியாக, நொடிக்கு ஏறத்தாழ 15,000 வரிகள் என்ற வேகத்தில் ஒளியை வரைந்தது. துப்பாக்கி எதிர்பார்ப்பது அந்தத் துடிப்பை. உங்கள் ஸ்கிரீனின் விளக்கு அப்படித் துடிப்பதில்லை, படமும் ஒரு கணம் பிந்தித்தான் வரும். அம்மா வீட்டில் அந்தப் பழைய டிவியும் இன்னும் இருக்கிறதென்றால், துப்பாக்கியை அங்கேயே விட்டு வையுங்கள். 7805-ஐயும் பழைய அடாப்டரையும் ஒரு கவரில் போட்டு அதோடு வைத்தால், என்றாவது போர்டை மீண்டும் டிவியில் மாட்ட வேண்டிவந்தால் தேடாமல் கிடைக்கும்.