குதிரை போன தடத்தில் சைக்கிள் போகலாம்

கேள்வி: ஷெஃபீல்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கோவையில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆனைகட்டிப் பக்கம் சைக்கிளில் போய்விடுவேன். இங்கே பழைய ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள மலை சைக்கிள்) ஒன்று வாங்கியிருக்கிறேன். போன வாரம் செல்போன் செயலி காட்டிய தடத்தில், ஊருக்குப் பக்கத்திலுள்ள பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியின் மேட்டில் ஏறினேன். எதிரே வந்த ஒரு பெரியவர் நிறுத்தி, "இது சைக்கிள் ஓட்டும் வழி இல்லை" என்றார். தடைப் பலகை எதையும் நான் பார்க்கவில்லை. எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அக்டோபர் வந்துவிட்டது, இனி ஓட்ட முடியுமா? முதலில் எந்த வழி போகலாம்?

பதில்: அந்தப் பெரியவர் சொன்னது சரிதான். உங்கள் மேலும் பெரிய தப்பில்லை. வம்பே 'ஃபுட்பாத்' என்ற சொல்லில் இருக்கிறது. நம் ஊரில் அது சாலையோர நடைமேடை. காய்கறிக் கடை, ஸ்கூட்டர், இடம் மிஞ்சினால் மனிதர்கள் என்று எல்லாருக்கும் அங்கே பங்கு உண்டு. இங்கிலாந்தில் அது சட்டப் பெயர். நடப்பவருக்கு மட்டும் வழியுரிமை உள்ள தடம் என்று பொருள். கல் பாவி, டிராக்டர் போகும் அகலத்தில் இருந்தாலும் ஃபுட்பாத் ஃபுட்பாத்தான். அதில் சைக்கிள் ஓட்டினால் பொதுவாகப் போலீஸ் கேஸ் ஆகாது; நிலச் சொந்தக்காரருக்கு எதிரான அத்துமீறல் ஆகும். ஆகவே இனி தடைப் பலகையைத் தேடாதீர்கள். அனுமதி தரும் அம்பைத் தேடுங்கள்.

கம்பங்களிலும் கேட்டுகளிலும் சின்ன அம்புக்குறி இருக்கும். மஞ்சள் என்றால் ஃபுட்பாத். நீலம் என்றால் பிரைடில்வே, அதாவது குதிரை போகும் வழி. 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் அந்தக் குதிரை வழிகளைச் சைக்கிளுக்கும் திறந்துவிட்டது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்தான் வழிவிட வேண்டும். கத்தரிப்பூ நிறத்திலோ சிவப்பிலோ அம்பு இருந்தால் அது பைவே வகை, அதாவது வண்டிகள் போன பழைய வழி. அதிலும் தாராளமாகப் போகலாம்.

செயலியை மட்டும் நம்பாதீர்கள். அதில் பளிச்சென்று தெரியும் கோடு நிறையப் பேர் போன தடம். போக உரிமை உள்ள தடம் என்று அர்த்தமில்லை. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தை வாங்கிவிடுங்கள். அதில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பச்சையில் குட்டைக் கோடுகளாக வந்தால் ஃபுட்பாத், நீளக் கோடுகளாக வந்தால் பிரைடில்வே, கூட்டல் குறிகளாக வந்தால் எல்லா வண்டிக்குமான பைவே. ஈடேல், டெர்வென்ட் பள்ளத்தாக்குப் பகுதிக்கு ஓஎல் 1 என்ற தாள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. அந்த வரைபடத்தில் மேட்டு நிலம் முழுக்க வெளிர் மஞ்சள் பூசியிருக்கும். 'திறந்த நிலம்' என்று கேள்விப்பட்டு, எங்கும் ஓட்டலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். 1932 ஏப்ரலில் நூற்றுக்கணக்கானவர்கள் தடையை மீறி இதே பீக் டிஸ்ட்ரிக்டின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலங்களைத் திறந்துவிட்டது, ஆனால் கால்நடையாக வருபவர்களுக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் கதை வேறு: 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்பாக நடந்துகொண்டால் சைக்கிளுக்கும் ஏறக்குறைய எங்கும் அனுமதி. அந்த ஊர் நண்பர்களின் பேச்சைக் கேட்டு இங்கே ஓட்டினால் மறுபடி ஒரு பெரியவரிடம் மாட்டுவீர்கள்.

குதிரை வழிதான் உண்டு என்பதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். ரயில் வருவதற்கு முன் இந்த மேடுகளைக் கடந்து செஷயர் உப்பையும் மற்றச் சரக்குகளையும் பொதிக்குதிரைகள் சுமந்தன. அவற்றை ஓட்டியவர்களுக்கு ஜேகர் என்று பெயர். சுமை ஏற்றிய மிருகம் சேற்றில் இறங்காது, செங்குத்தில் ஏறாது. அதனால் ஜேகர்கள் கெட்டியான தரையாகப் பார்த்து வளைத்துக்கொண்டு போனார்கள்; உளையாக இருந்த இடத்தில் பலகைக் கல் போட்டார்கள். இரண்டு சக்கரத்துக்கும் வேண்டியது அதேதான். ஈடேலின் மேற்கே ஜேக்கப்ஸ் லேடர் என்ற ஏற்றம் இருக்கிறது. ஜேக்கப் மார்ஷல் என்ற விவசாயி தான் நேராக ஏறப் படி வெட்டிக்கொண்டு, குதிரையை வளைந்து வளைந்து போகும் வழியில் விட்டாராம். படியைக் கண்டால் நீங்களும் குதிரையின் கட்சியில் சேர்ந்துவிடுங்கள்.

முதல் நாளுக்கு ரயிலே வேண்டாம். ஷெஃபீல்டின் தென்மேற்கு ஓரத்தில் ரிங்கின்லோ கிராமத்தருகே ஹவுண்ட்கர்க் ரோடு தொடங்குகிறது. பெயரில் ரோடு, கண்ணுக்குக் கற்பாதை. 18-ஆம் நூற்றாண்டின் சுங்கச் சாலை, இப்போது பைவே. இரு பக்கமும் ஹெதர் புதர், தூரத்தில் பாறை விளிம்புகள். வழி தவற வாய்ப்பே இல்லை. குண்டும் குழியுமான கல்லில் உடம்பைத் தளர்த்தி, பெடல் மேல் எழுந்து நின்று ஓட்டப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது டெர்வென்ட், ஹௌடன் நீர்த்தேக்கங்களைச் சுற்றி வருவது. ஃபேர்ஹோம்ஸில் தொடங்கி மேற்குக் கரைச் சாலையில் ஏறி, கிழக்குக் கரை மண் பாதையில் திரும்பினால் சுமார் 16 கி.மீ. ஏற்றம் அதிகமில்லை. வடக்கு முனையில் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் ஒரு கல் பாலம் வரும். அங்கே கொஞ்சம் உட்காருங்கள். அந்தப் பாலம் பிறந்த இடம் அதுவல்ல. லேடிபவர் அணையில் மூழ்கிய டெர்வென்ட் கிராமத்தின் பொதிக்குதிரைப் பாலத்தை முன்கூட்டியே கல் கல்லாகப் பிரித்து, 1959-இல் இங்கே கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள்.

இரண்டும் கைவந்த பிறகு ஹோப் முதல் ஈடேல் வரை. ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் ஹோப். ரயிலில் சைக்கிளுக்கு இடம் கொஞ்சம், முந்தியவருக்கே கிடைக்கும். காலை வண்டியைப் பிடியுங்கள். ஹோப்பிலிருந்து பழைய ரோமானியச் சாலை வின் ஹில்லின் தோள் வழியாக ஏறும். உச்சியில் ஹோப் கிராஸ்: 1737 என்று பொறித்த வழிகாட்டிக் கல். நான்கு முகத்திலும் நான்கு ஊர்ப் பெயர். அவற்றில் உங்கள் ஷெஃபீல்டும் உண்டு. அங்கிருந்து மேற்கே திரும்பி ஜேகர்ஸ் கிளஃப் ஓடைக்கு இறங்கி, மறுகரை ஏறி, ஈடேல் பள்ளத்தாக்கில் விழ வேண்டும். மொத்தம் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அரை நாள் பிடிக்கும். ஓடைக்கு இறங்கும் சரிவில் பெயர்ந்த கற்கள் உண்டு, பயமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். நானும் தள்ளியிருக்கிறேன். ஈடேலிலிருந்து ரயிலில் திரும்பலாம்.

அக்டோபரில் ஓட்டலாமா? கல் பாவிய வழியில் ஓட்டலாம். பீட் மண்ணில் வேண்டாம். இறந்த பாசியும் புல்லும் நீரில் ஊறி, மக்காமல் படிந்த கறுப்பு மண் அது. ஊட்டி மேல்மட்டப் புல்வெளிகளின் சதுப்பில் இதன் சின்னப் பதிப்பைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். அப்படியென்றால் உங்கள் டயர் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிழித்த தடம் நூறு வருட மண். அதோடு முடியாது, அடுத்த மழை அந்தக் கோட்டில் ஓடி வாய்க்கால் வெட்டும். சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்கி ஓட்டுவதும் தடத்தை அகலமாக்கும். நடுவிலேயே போங்கள், இல்லையென்றால் திரும்புங்கள்.

சைக்கிளில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். இந்த மேடு முழுக்க மணற்கல். மழையில் அந்த மணல் உப்புத்தாள் மாதிரி பிரேக்கைத் தின்னும். பிரேக்கில் ரெசின் பேட் (பிசின் கலந்த மென்மையான கட்டை) இருந்தால் கழற்றிவிட்டு, உங்கள் டிஸ்க் தாங்குமா என்று கடையில் கேட்டு, உலோகத் தூளை இறுக்கிச் செய்த சின்டர்ட் பேட் போடுங்கள். உடைக்குப் பருத்தி கூடாது. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். ஊருக்குள் வெயிலடித்தாலும் மேலே மூன்று நான்கு டிகிரி குறைவு, காற்று வேறு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், விளக்கில்லாமல் கிளம்பாதீர்கள். ஒரு விசிலும் வைத்திருங்கள்: நிமிடத்துக்கு ஆறு ஊதல் இந்த மலைகளில் ஆபத்துக் குறி. அடிபட்டால் 999-ஐ அழைத்து, போலீஸ் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்லுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. பல பள்ளங்களில் சிக்னல் இருக்காது என்பதால் போகும் வழியை வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். ஆட்டுக்காரர்கள் காரணத்தோடுதான் வைத்திருப்பார்கள்.

ஸ்லிப்பரி ஸ்டோன்ஸிலிருந்து லாங்செட்டுக்குப் போகும் கட் கேட் என்ற வழியைப் பற்றி யாராவது கட்டாயம் ஆசை காட்டுவார்கள். நீல அம்புதான், உரிமையும் உண்டு, நல்ல நாளில் இந்தப் பக்கத்தின் மிக அழகான ஓட்டம் அது. ஒரு நவம்பரில் நான் போனபோது முன்சக்கரம் அச்சு வரை புதைந்தது. இழுத்து எடுத்தபோது சைக்கிள் வந்தது, இடது கால் ஷூ வரவில்லை. அதை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.