நெருஞ்சி முள்ளும் குருவி அலகும்: பரிணாமம், பருவநிலை – கேள்வி பதில்

கல்லூரியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பரிணாமம், பருவநிலை மாற்றம் இரண்டைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சண்டைக்கு வந்த கேள்விகளையும் விடவில்லை.

கேள்வி (ஈரோடு, பள்ளி ஆசிரியை): சார், பரிணாமத்துக்கு லட்சக்கணக்கான வருடம் ஆகும் என்று நடத்துகிறோம். ஒரு பையன் எழுந்து, "யாராவது கண்ணால பாத்திருக்காங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டான். என்ன சொல்ல?

பதில்: பார்த்திருக்கிறார்கள், காலிப்பர் வைத்து அளந்தும் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுகள் இருக்கின்றன. 1835-ல் டார்வின் ஐந்து வாரம் சுற்றிய இடம். அதில் டாஃப்னே மேஜர் என்று ஒரு பொடித் தீவு. அரை சதுர கிலோமீட்டர்கூட வராது. எரிமலைப் பாறைதான், ஊர் கிடையாது, குடிதண்ணீரும் கிடையாது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973-ல் அங்கே வேலையை ஆரம்பித்து, நாற்பது வருடம் போய்க்கொண்டே இருந்தார்கள். வலை கட்டிக் குருவியைப் பிடிப்பது, காலில் வண்ண வளையம் மாட்டுவது, அலகின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு பறக்கவிடுவது. எந்தக் குஞ்சு எந்த ஜோடிக்குப் பிறந்தது என்பது வரை கணக்கு இருந்தது. நம் ஊர் ரேஷன் கார்டில்கூட அவ்வளவு சுத்தமாகக் குடும்ப விவரம் இருக்காது.

1977-ல் மழை பொய்த்தது. 130 மி.மீ. போல விழ வேண்டிய பருவத்தில் 24 மி.மீ.தான் விழுந்தது. செடிகள் புதிதாக விதை வைக்கவில்லை. தரையில் கிடந்த சின்ன, மெல்லிய விதைகளைக் குருவிகள் சில மாதத்தில் பொறுக்கித் தீர்த்துவிட்டன. மிச்சம் கிடந்தவை பெரிய, கெட்டியான விதைகள். அதில் முக்கியமானது எது தெரியுமா? நெருஞ்சி. நம் கொல்லையில் காலில் குத்துகிறதே, அதே பேரினத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி. அந்த முள்ளுக் காயை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற இனத்தில் ஏறத்தாழ 85 சதவீதக் குருவிகள் செத்துப்போயின. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன், வறட்சிக்கு முன் இருந்ததைவிட அரை மில்லிமீட்டர் போலக் கூடுதல். அடுத்த வருடம் மழை வந்தது, பிழைத்தவை குஞ்சு பொரித்தன. குஞ்சுகளுக்கும் அலகு தடித்தே இருந்தது. அலகு அப்பா அம்மாவிடமிருந்து வரும் சொத்து என்பதை வம்சக் கணக்கு ஏற்கெனவே காட்டியிருந்தது.

இதில் எந்தக் குருவியும் முயற்சி செய்து அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. மெல்லிய அலகுக்காரர்கள் பட்டினியில் போய்விட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் மாணவனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். தேர்வில் பாதிப் பேர் தவறாக எழுதுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி (திருநெல்வேலி): வெறும் அரை மில்லிமீட்டர். நல்ல மழை பெய்தால் பழையபடி ஆகிவிடும். இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பதில்: நீங்கள் குறை என்று நினைத்துச் சொன்னது நடக்கவே செய்தது. 1982-83-ல் பலமான எல் நினோ, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறி மழையைப் புரட்டிப்போடும் நிகழ்வு. 24 மி.மீ. கண்ட அதே தீவில் 1,300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை அமுக்கிவிட்டன. எங்கு பார்த்தாலும் பொடி விதை. அடுத்த வறட்சியில் பொடி விதையை வேகமாகப் பொறுக்கத் தெரிந்த சின்ன அலகுக்குத்தான் லாபம். சராசரி மறுபடி இறங்கியது. பரிணாமம் ஒரே திசையில் மேலே போகும் ஏணி என்று யார் சொன்னது? வானம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் திரும்பும்.

அப்புறம் இன்னொன்றும் நடந்தது. அந்த எல் நினோவின்போது பெரிய தரை ஃபிஞ்ச் இனத்தில் சில பறவைகள் வந்து குடியேறிவிட்டன. 2004-05 வறட்சியில் நெருஞ்சி முழுவதையும் அந்தப் பெரிய அலகுகள் காலி செய்தன. இந்த முறை உள்ளூர் நடுத்தரக் குருவிகளில் பெரிய அலகு உள்ளவைதான் அதிகம் செத்தன. வறட்சி ஒன்றுதான், பக்கத்து வீட்டுக்காரர் மாறியதும் தீர்ப்பு தலைகீழ். அலகின் பருமனோடு தொடர்புள்ள ஒரு மரபணுப் பகுதியை 2016-ல் அடையாளம் கண்டார்கள். அந்த வறட்சியில் யார் பிழைத்தார்கள் என்பதிலும் அதன் கை இருந்தது.

கேள்வி (தஞ்சாவூர், விவசாயி): தண்ணி குறைந்தால் பயிர் சீக்கிரம் பூத்துவிடும். அது செடி தன்னைத் தானே சமாளித்துக்கொள்வது. அதைப் பரிணாமம் என்று எப்படி ஐயா பிரித்துச் சொல்வீர்கள்?

பதில்: வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். சமாளிப்பு வேறு, பரம்பரை மாற்றம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதைப் பிரிக்க அழகான ஒரு வழி இருக்கிறது. கலிபோர்னியாவின் தெற்கில் கடுகுக் குடும்பத்துக் களை ஒன்று வளர்கிறது. 1997-ல் அதன் விதையை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பிறகு 2000 முதல் 2004 வரை வறட்சி. அது முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி விதை எடுத்தார்கள். பழைய விதை, புது விதை இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் வளர்த்தார்கள். வறட்சியைக் கண்ட வம்சம் முந்திப் பூத்தது. ஓர் இடத்துச் செடிகளில் சுமார் இரண்டு நாள், இன்னோர் இடத்துச் செடிகளில் எட்டரை நாளுக்கு மேல். தண்ணீர் சமமாகக் கிடைத்தும் முந்திப் பூத்தால் அது சமாளிப்பு அல்ல, விதைக்குள்ளேயே எழுதியிருக்கிறது என்றுதானே பொருள்? ஏழு வருடத்துக்குள் நடந்த மாற்றம் இது. நீங்கள் பழைய ரக விதைநெல் வைத்திருந்தால் பத்திரமாக வைத்திருங்கள் ஐயா. எந்தக் கேள்விக்கு எப்போது பதில் சொல்லும் என்று தெரியாது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?

பதில்: உங்கள் சித்தப்பா மகன் இருக்கும்போதே நீங்களும் இருக்கிறீர்கள் அல்லவா, அது மாதிரி. இன்றைய குரங்கு நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி.

ஆதாரம் வேண்டுமா? ஆடு நெல்லிக்காய் தேடி அலைவதில்லை. வைட்டமின் சி-யை அதன் உடம்பே செய்துகொள்ளும். நமக்கும் அதைச் செய்யும் மரபணு இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சிக்கும் மற்ற வாலில்லாக் குரங்குகளுக்கும் அதே மரபணு உடைந்திருக்கிறது. கினி எலிக்கும் உடைந்திருக்கிறது, ஆனால் வேறு விதமாக. விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு பேப்பரில் சரியான விடை ஒன்றாக இருந்தால் நான் சந்தேகப்பட மாட்டேன். ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்ப்பேன்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): இடைப்பட்ட உயிர்களின் புதைபடிவம் கிடைக்கவே இல்லை என்கிறார்களே?

பதில்: நம் நாட்டுக் கதையையே சொல்கிறேன். ரங்கராவ் என்ற இந்தியப் புவியியலாளர் ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியிலிருந்து பாறைகளைச் சேர்த்துவைத்திருந்தார். உடைத்துப் பார்த்து முடிப்பதற்குள் காலமாகிவிட்டார். அவர் மனைவி அந்தப் பாறைகளை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒரு மண்டை ஓட்டைச் சுத்தம் செய்தபோது கைதவறிக் காதெலும்பு உடைந்தது. உள்ளே ஒரு பக்கம் தடித்த சுவர். அந்த அமைப்பு திமிங்கலக் குடும்பத்தின் அடையாளம். ஆனால் அந்த விலங்குக்கு நான்கு கால், குளம்பு, பூனை அளவு உடம்பு, பார்க்கச் சருகுமான் போல இருந்திருக்கும். இண்டோஹையஸ் என்று பெயர். வயது சுமார் 4.8 கோடி ஆண்டு. 2007-ல் இந்தச் செய்தி வெளிவந்தது. இதோடு பாகிஸ்தானில் கிடைத்த பாகிசெட்டஸ், ஆம்புலோசெட்டஸ் என்ற நான்கு கால் ஆதித் திமிங்கலங்கள் இரண்டையும் சேர்த்து வைத்தால் நிலத்திலிருந்து கடலுக்கு இறங்கிய வழி தெரியும். எனக்குப் பிடித்த பகுதி, அந்தக் கைதவறல்தான்.

கேள்வி (மதுரை): பனியுகம் வந்தது, போனது. பருவநிலை எப்போதும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது மட்டும் மனிதன் மேல் ஏன் பழி?

பதில்: மாறியது உண்மை. பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்திருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போகலாம். ஆனால் அந்தக் குளிர் விலகி ஐந்து டிகிரி போல ஏறுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இப்போது ஒன்றரை நூற்றாண்டுக்குள்ளேயே ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

ஆள் யார் என்பதற்குக் கைரேகை இருக்கிறது. கார்பன்-14 என்பது காலப்போக்கில் சிதைந்து மறையும் ஒரு வகைக் கார்பன். நிலக்கரியும் பெட்ரோலும் மிகப் பழையவை என்பதால் அவற்றில் அது மிச்சமில்லை. காற்றில் கூடிவரும் கரியமில வாயு அந்த அடையாளத்தோடுதான் வருகிறது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும், அது குளிர்ந்துகொண்டிருக்கிறது.

கேள்வி (பெங்களூரு): நீங்களே பரிணாமம் வேகமாக நடக்கும் என்கிறீர்கள். அப்படியானால் உயிர்கள் தகவமைத்துக்கொள்ளும், கவலை எதற்கு?

பதில்: டாஃப்னே தீவில் 85 சதவீதம் செத்த கதையை மறந்துவிட்டீர்கள். அந்த மாற்றத்துக்குக் கொடுத்த விலை அது.

தலைமுறை குறுகியதாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருந்தால் ஈடுகொடுக்கலாம். வட அமெரிக்காவில் குடுவைச் செடிக்குள் தேங்கும் நீரில் வளரும் ஒரு கொசு, பகல் நீளத்தை வைத்துக் குளிர்கால உறக்கத்துக்குப் போகும். 1972-க்கும் 1996-க்கும் இடையில் வடக்குப் பகுதிக் கொசுக்கள் ஒன்பது நாள் தள்ளித் தூங்கப் போகும்படி பரம்பரையாகவே மாறிவிட்டன. கொசுவால் முடிந்தது. இது நமக்கு நல்ல செய்தியா என்பது வேறு விஷயம்.

ஈப்பிடிப்பான் ஒன்றைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து, நெதர்லாந்துக்குப் போய்க் குஞ்சு பொரிக்கும். அங்கே வசந்தம் முந்துகிறது, ஓக் மரத்துக் கம்பளிப்பூச்சியும் முந்துகிறது. ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு அது எப்படித் தெரியும்? பந்தி முடிந்தபின் இலை போட உட்காருகிற மாதிரி வந்து சேர்கிறது. பூச்சி மிகவும் முந்திய காடுகளில் இருபது வருடத்துக்குள் 90 சதவீதம் போலக் குறைந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவின் வடக்கே பிராம்பிள் கே என்ற மணல்திட்டில் மட்டும் வாழ்ந்த ஒரு கொறி விலங்கு இருந்தது. கடல் ஏறி ஏறிச் செடிகளை அழித்தது. 2009-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. 2019-ல் அழிந்துவிட்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. மாறுவதற்கு அதற்கு இடமும் இல்லை, நாளும் இல்லை.

கேள்வி (சென்னை, பெசன்ட் நகர்): இரவில் ஆமை முட்டை தேடி நடக்கும் குழுவோடு போயிருக்கிறேன். வெயிலால் எல்லாம் பெண் குஞ்சாகிவிடும் என்கிறார்கள். உண்மையா அண்ணா?

பதில்: உண்மைதான் தம்பி. பங்குனி ஆமைக்கு ஆண், பெண் என்பதை முட்டை புதைந்த மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. 29, 30 டிகிரி எல்லைக்கோடு. மேலே போனால் பெண் கூடும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பச்சை ஆமைகளைச் சோதித்தபோது, இளசுகளில் 99 சதவீதம் பெண் என்று 2018-ல் தெரியவந்தது. டைனோசர் காலத்தைக் கடந்து வந்தவை ஆமைகள். அந்தச் சூட்டையும் தாண்டியிருக்கின்றன. அப்போது வேறு கரைக்கு நகர முடிந்தது. இன்று நகரப் போனால் அங்கே கருங்கல் கொட்டியிருப்போம், பங்களா கட்டியிருப்போம். பொரிப்பகத்தில் நிழல்வலை போடுவது உதவும். உங்கள் குழுவிடம் மணலுக்குள் வெப்பமானி வைத்துத் தினமும் குறித்து வரச் சொல்லுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): எங்கள் சோலைப் பறவைகளுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: நிறைய உண்டு. சோலையில் தாழப் பறக்கும் அந்த நீலக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம், தெற்கே உங்கள் பழனி மலையில் இன்னோர் இனம். மலைக்குளிர் பழகிய பறவை கணவாயின் வெக்கையில் இறங்கிக் கடக்காது, அதனால் இரண்டு பக்கமும் தனித்தனியே பிரிந்தன. 2017-ல் டி.என்.ஏ. பார்த்து, இவற்றுக்கென்றே சோலிகோலா என்று புதுப் பேரினம் வைத்தார்கள். சோலை என்ற நம் சொல்லிலிருந்து. வெப்பம் ஏறினால் கீழே உள்ள பறவை மேலே ஏறலாம். உச்சியில் இருப்பது எங்கே ஏறும்? தைலமரமும் சீகையும் பைனும் ஏற்கெனவே பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி (கரூர், ஏழாம் வகுப்பு): தாத்தா, நெருஞ்சி முள் குருவி வாயில் குத்தாதா?

பதில்: குத்தும் கண்ணு, அதனால்தான் அது ஜாக்கிரதையாகச் சாப்பிடும். காயின் ஒரு துண்டை அலகின் ஓரத்தில் கவ்வி, மூலையைத் திருகி உடைத்து, உள்ளே இருக்கும் விதையை எடுக்கும். கெட்டியான, முள் நீண்ட துண்டு என்றால் விட்டுவிட்டுப் போகவும் செய்யும். அந்தத் துண்டுதான் முளைக்கும். ஆக, குருவியும் நெருஞ்சியை மாற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை செருப்பில் குத்திய காயைப் பிய்த்துப் போட்டுவிடாதே. பழுத்த காய் ஐந்து துண்டாகப் பிரியும், ஒவ்வொன்றிலும் எத்தனை முள் என்று எண்ணி எழுது. பத்துச் செடிக்கு எழுதினால் போதும், எனக்கு அனுப்பு.